நடுக்கம் நின்ன பிறகு என்ன? குடி வித்ட்ராயலின் 200 வருஷக் கதை

"நல்லாத்தான் சார் இருந்தாரு. குடியை நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினாரு. நிறுத்தின மூணாம் நாள்தான் இப்படி ஆயிட்டாரு."

அரசு மருத்துவமனையில வேலை பார்க்குற எந்த டாக்டரைக் கேட்டாலும் இதை அடிக்கடி கேட்டிருக்கேன்னு சொல்வாங்க. சொல்றது பெரும்பாலும் மனைவி, இல்லைன்னா அம்மா. நாமதான் நிறுத்தச் சொல்லி இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துட்டோமோங்கிற பயம் அந்தக் குரல்ல இருக்கும். பக்கத்து பெட்டுக்காரர் வேற, "ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுங்கம்மா, சரியாயிடும்"னு யோசனை சொல்லிட்டு இருப்பார்.

அந்த அம்மா கவனிச்சது நூத்துக்கு நூறு சரி. இதே விஷயத்தை மருத்துவம் அடிச்சுச் சொல்றதுக்கு சுமார் 140 வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் ஒரு பாதிதான் புரிஞ்சுது. மறுபாதி டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடக்குற கதை. த்ரெட் நீளம்தான், வீட்ல யாராவது குடிக்கிறவங்க இருந்தா பொறுமையா படிங்க.

1813-க்கு முன்னாடி இந்த நோய்க்குத் தனியா பேரே கிடையாது. ஒருத்தர் கை நடுங்குது, வியர்த்துக் கொட்டுது, சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிவிடுறார், இல்லாத ஆளோட பேசுறார். ஐரோப்பாவுல இதை "மூளைக் காய்ச்சல்"னு சொன்னாங்க. மூளை வீங்கிடுச்சு, ரத்தத்தை எடுத்தா குறையும்னு நரம்பை வெட்டி ரத்தம் எடுப்பாங்க, அட்டை விடுவாங்க. (நம்ம ஊர்ல பேய் பிடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சதைப் பார்த்து சிரிக்கிறவங்க கவனத்துக்கு. வேப்பிலையில ரத்தமாவது போகலை.)

தாமஸ் சட்டன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1813-ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இது மூளைக் காய்ச்சல் இல்ல, வேற நோய்னு சொன்னார். ரத்தம் எடுத்தவங்க மோசமாகுறாங்க, ஓபியம் கொடுத்துத் தூங்க வெச்சவங்க பிழைக்கிறாங்கங்கிறதுதான் அவர் வாதம். இந்த நோய் வர்றவங்க சாராயம் குடிக்கிறவங்கன்னும் கவனிச்சிருந்தார். அவர் வெச்ச பேருதான் டிலீரியம் ட்ரீமென்ஸ். "நடுங்கிக்கிட்டே வர்ற சித்தப்பிரமை"ன்னு அர்த்தம் வெச்சுக்கலாம். இன்னைக்கும் கேஸ் ஷீட்ல "டி.டி."ன்னு எழுதுறது அதைத்தான்.

1831-ல பாஸ்டன்ல ஜான் வேர்னு ஒரு டாக்டர் இன்னும் ஒரு படி மேல போனார். ஓபியத்தை அள்ளிக் கொடுக்குறதும் உதவலைன்னு பார்த்தார். இந்த நோய்க்குன்னு ஒரு ஓட்டம் இருக்கு, மூணு நாள் வாக்குல அதுவே ஒரு ஆழ்ந்த தூக்கத்துல முடியும், அதுவரைக்கும் ஆளைப் பத்திரமா பார்த்துக்கிறதுதான் வைத்தியம்னு எழுதினார். எதுவும் செய்யாம இருக்கிறதையும் ஒரு வைத்தியமா எழுதி வைக்க அந்தக் காலத்துல தைரியம் வேணும்.

1849-ல ஸ்வீடன்ல மாக்னுஸ் ஹுஸ் எழுதின பெரிய நூல்தான் "ஆல்கஹாலிசம்"ங்கிற வார்த்தையையே உலகத்துக்குக் கொடுத்துச்சு. குடி ஒழுக்கக் கேடுன்னு மட்டுமே பேசிட்டிருந்த காலத்துல, நாள்பட்ட குடியால நரம்பு, வயிறு, மூளைன்னு உடம்பு முழுக்க வர்ற மாற்றங்களை ஒரே நோயா அடுக்கிக் காட்டினார்.

ஆனா ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்னுச்சு. டி.டி. வர்றது குடிச்சதாலயா, குடியை நிறுத்தினதாலயா?

ரெண்டு கட்சி இருந்துச்சு. சாராயம் விஷம், அந்த விஷம் முத்திப்போனா வர்றது இதுன்னு ஒரு கட்சி. சட்டுனு நிறுத்துறதாலதான் வருது, அதனால வார்டுலயே கொஞ்சம் கொஞ்சமா சாராயம் கொடுத்துக் குறைக்கணும்னு இன்னொரு கட்சி. இன்னும் சிலர், சாப்பாடு இல்லாம வைட்டமின் குறைஞ்சதுதான் காரணம்னு சொன்னாங்க.

1953-ல பாஸ்டன் சிட்டி மருத்துவமனையில மாரிஸ் விக்டர், ரேமண்ட் ஆடம்ஸ் ரெண்டு பேரும் குடிப்பிரச்சனையோட வரிசையா அட்மிட் ஆன 266 பேரை உட்கார்ந்து கவனிச்சு, கடைசி மடக்குக்கு எத்தனை மணி நேரம் கழிச்சு என்ன வருதுன்னு குறிச்சு வெச்சாங்க. இன்னைக்கு ஹவுஸ் சர்ஜன் படிக்கிற கால அட்டவணைக்கு அடிப்படை அதுதான். சில மணி நேரத்துல கை நடுக்கம். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு. அதுக்கு அப்புறம், ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள டி.டி.

இந்த அட்டவணை தெரிஞ்சா பல விஷயம் விளங்கும். பைக்ல இருந்து விழுந்து காலை உடைச்சுக்கிட்டு திங்கக்கிழமை அட்மிட் ஆனவர் ஏன் புதன்கிழமை ராத்திரி ட்ரிப்ஸைப் பிடுங்கிட்டு ஓடுறார்? ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சவர் மூணாம் நாள் ஏன் நர்ஸை அடிக்க வர்றார்? அட்மிஷன்ல "குடிப்பழக்கம் உண்டா"ன்னு கேட்டப்போ, மாமனார் பக்கத்துல நிக்கிறாரேன்னு "இல்லைங்க"ன்னு சொல்லியிருப்பார். எங்களுக்கு வேணும்கிறது ஒழுக்கச் சான்றிதழ் இல்ல. கடைசியா எப்போ குடிச்சீங்கன்னு தெரிஞ்சா போதும். தயவுசெஞ்சு உண்மையைச் சொல்லுங்க.

கேள்விக்கு முடிவான பதில் 1955-ல வந்துச்சு. வந்த விதம் அவ்வளவு அழகில்ல. அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன்ல, போதைக்கு அடிமையான கைதிகளை வெச்சிருந்த ஒரு அரசு மருத்துவமனை. அங்க ஹாரிஸ் இஸ்பெல்லும் அவர் குழுவும் முன்னாள் மார்ஃபின் அடிமைகள் 10 பேருக்கு வாரக்கணக்குல சாராயம் கொடுத்தாங்க. நல்ல சாப்பாடு, வைட்டமின் எல்லாம் சேர்த்தே. சிலருக்கு 7 நாள், சிலருக்கு 87 நாள் வரைக்கும். பிறகு ஒரே நாள்ல நிறுத்தினாங்க. நீண்ட நாள் குடிச்சவங்களுக்கு நடுக்கம், வலிப்பு, டி.டி. எல்லாம் வந்துச்சு. வைட்டமின் குறையலை, காய்ச்சல் இல்ல, அடிபடலை. காரணம் நிறுத்தினதுதான்.

"சம்மதம்" கொடுத்தாங்கன்னுதான் பதிவு. சிறைக்குள்ள இருக்குறவர் கொடுக்குற சம்மதம் எவ்வளவு பெறும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதை அனுமதிக்காது. ஆனா நாங்க வார்டுல பயன்படுத்துற அறிவுல இதுவும் கலந்திருக்குங்கிறதை மறைச்சுட்டு வரலாறு எழுத முடியாது.

ஏன் இப்படி ஆகுது? பொங்கலுக்கு ஊர்ல கயிறு இழுக்குற போட்டி பார்த்திருப்பீங்க. மூளையில எப்பவும் ரெண்டு அணி இழுத்துக்கிட்டே இருக்கு. ஒண்ணு அடக்குற அணி, இன்னொண்ணு தூண்டுற அணி. சாராயம் தினமும் வந்து அடக்குற அணியோட சேர்ந்து இழுக்குது. ஈடுகட்ட, தூண்டுற அணி மாசக்கணக்குல ஆள் சேர்த்துப் பலமாகுது. ஒரு நாள் காலையில சாராயம் கயிறை விட்டுடுது. அப்புறம் என்ன, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு ஓடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம் அந்த ஓட்டம்தான்.

லெக்சிங்டன்ல 10 பேர்கிட்ட பார்த்ததை 2020 மார்ச்ல ஒரு தேசமே பார்த்துச்சு. ஊரடங்கு, ஒரே ராத்திரியில மதுக்கடை மூடல். பெங்களூரு மருத்துவமனைகள்ல சிக்கலான வித்ட்ராயலோட வந்தவங்க எண்ணிக்கை நாளைக்கு சராசரி 4-ல இருந்து 8 ஆச்சுன்னு அங்க இருந்த மனநல மருத்துவர்கள் அப்பவே பதிவு பண்ணாங்க. கேரள அரசு, டாக்டர் சீட்டு இருந்தா மது கொடுக்கலாம்னு உத்தரவு போட்டுச்சு. டாக்டர்கள் எதிர்த்தாங்க, ஏப்ரல் தொடக்கத்துலயே கேரள உயர் நீதிமன்றம் தடை போட்டுடுச்சு. தடை சரின்னுதான் நான் நினைக்கிறேன். வித்ட்ராயலுக்குச் சாராயத்தை விட நல்ல மருந்து வந்து அப்பவே 60 வருஷம் ஆகியிருந்துச்சே.

அந்த மருந்துக்கு வருவோம். லியோ ஸ்டெர்ன்பாக்னு ஒரு வேதியியலாளர், ரோஷ் கம்பெனியில 1950-கள்ல ஒரு சேர்மத்தை உருவாக்கினார். 1960-ல அது லிப்ரியம்ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்துச்சு. குளோர்டயாஸெபாக்சைடு. ஆரம்பத்துல மனப்பதற்றத்துக்குத்தான். சாராயம் இழுத்த அதே பக்கத்துல நின்னு இழுக்குற மருந்துங்கிறதால, கயிறை மெதுவா விடலாம்.

1969-ல அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள்ல 537 பேரை வெச்சு ஒரு ஆய்வு. லிப்ரியம், அப்போ பரவலா கொடுத்துட்டிருந்த குளோர்ப்ரோமஸின், இன்னும் ரெண்டு மருந்து, வெறும் போலி மாத்திரைன்னு அஞ்சு குழு. லிப்ரியம் குழுவுலதான் வலிப்பும் டி.டி.யும் ரொம்பக் குறைவு. குளோர்ப்ரோமஸின் கொடுத்தவங்களுக்கு வலிப்பு அதிகமா வந்துச்சு. பழைய காலத்துல டி.டி. வந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் வரைக்கும் இறந்ததாகக் கணக்கு உண்டு. இன்னைக்கு ஒழுங்கா வைத்தியம் கிடைச்சா 100-க்கு 5 பேருக்குக் கீழ.

இது பெரிய வெற்றி, சந்தேகமே இல்ல. ஆனா இந்த வெற்றிதான் ஒரு மயக்கத்தையும் கொடுத்துச்சுன்னு எனக்குத் தோணும். அஞ்சு நாள்ல ஆள் தெளியுறார், இட்லி சாப்பிடுறார், பேப்பர் படிக்கிறார். "குணமாகி வீடு திரும்பினார்"னு டிஸ்சார்ஜ். வேலை முடிஞ்சுது.

முடியலை. அதுக்கு முன்னாடி ஒரு கிளைக்கதை சொல்லணும், ஏன்னா நீண்ட கால பாதிப்புல கொடூரமான ஒண்ணு அந்த அஞ்சு நாளுக்குள்ளதான் தீர்மானமாகுது.

1881-ல கார்ல் வெர்னிக்கே மூணு நோயாளிகளைப் பத்தி எழுதினார். கண்ணு சரியா அசையலை, நடை தள்ளாடுது, குழப்பம். மூணு பேருமே இறந்துட்டாங்க. ரெண்டு பேர் குடிகாரர்கள். மூணாவது ஆள் ஒரு இளம் தையல்காரப் பெண். கந்தக அமிலம் குடிச்சதுல சாப்பாடு தங்காமப் போனவங்க. குடியே இல்லாத அந்தப் பெண்தான் துப்பு. ஆனா அந்தத் துப்பைப் பிடிக்க அரை நூற்றாண்டு ஆச்சு. 1887-ல மாஸ்கோவுல செர்கெய் கோர்சகாஃப் இன்னொரு நிலையை விவரிச்சார். நல்லா பேசுறாங்க, பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்துட்டுப் போன டாக்டரைப் புதுசா பார்க்குற மாதிரி வணக்கம் சொல்றாங்க. இடைவெளியைக் கற்பனையால நிரப்புறாங்க. ரெண்டும் ஒரே நோயோட முதல் பாகம், ரெண்டாம் பாகம்.

காரணம் பி1 வைட்டமின், தயமின். இதை ஆய்வகத்துல செயற்கையா தயாரிக்கிற வழியை 1936-ல கண்டுபிடிச்சவர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். அமெரிக்க மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். பிறந்த ஊர் நெல்லூர், அன்னைக்கு சென்னை மாகாணம். அரிசியைத் தீட்டித் தின்ற ஊர்கள்ல பெரிபெரி வர்றதும், தவிட்டுச் சாறு அதைக் குணமாக்குறதும் மணிலாவுல அவர் நேர்ல பார்த்தது. (புழுங்கல் அரிசி சாப்பிடுறவங்களுக்கு இதுல ஒரு பாதுகாப்பு உண்டு. நெல்லை அவிக்கும்போதே தயமின் அரிசிக்குள்ள இறங்கிடும். ஆனா சைட் டிஷ்ஷோட ராத்திரியை முடிச்சுக்கிறவருக்குப் புழுங்கலும் ஒண்ணுதான், பச்சரிசியும் ஒண்ணுதான்.)

குடிக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு தேவையே இல்லைன்னு நிரூபணமானது இரண்டாம் உலகப் போர்ல. சிங்கப்பூர்ல ஜப்பானியர்கிட்ட போர்க் கைதியா இருந்த டி வார்டனர், லென்னாக்ஸ்ங்கிற ரெண்டு டாக்டர்கள், சக கைதிகள் 52 பேருக்கு வெர்னிக்கே நோய் வந்ததைக் குறிப்பெடுத்து, விடுதலைக்குப் பிறகு 1947-ல வெளியிட்டாங்க. அங்க குடிக்க ஒரு சொட்டு கிடையாது. தீட்டின அரிசிச் சோறும் வயித்துப்போக்கும்தான்.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? பாடப்புத்தகத்துல சொல்ற மூணு அறிகுறியும் சேர்ந்து வர்றது அபூர்வம். ஆஸ்திரேலியாவுல பெர்த் நகர்ல பிரேதப் பரிசோதனையில இந்த நோய் உறுதியான 131 பேரைப் பார்த்தப்போ, உயிரோட இருந்தப்ப மூணும் சேர்ந்து இருந்தது 16 சதவீதம் பேருக்குத்தான். உயிரோட இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டது சுமார் 5-ல ஒருத்தருக்கு. 1986-ல வந்த கணக்கு. 1991-ல இருந்து அந்த நாட்டுல ரொட்டி மாவுல தயமின் சேர்க்கணும்னு சட்டமே போட்டாங்க.

"மயக்கமா இருக்கார், குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு பக்கத்துக் கிளினிக்ல கேட்டு வாங்குற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. தயமின் வறண்டு கிடக்கிற மூளைக்குக் குளுக்கோஸை மட்டும் ஏத்தினா, மிச்சமிருக்குற தயமினையும் அது செலவழிச்சுடும். குடிக்கிறவர்னு தெரிஞ்சா தயமின் ஊசியும் போடணும், மாத்திரை போதாது. விலை ரொம்பக் கம்மி. தவறவிட்டா போற ஞாபக சக்தி பலருக்கும் முழுசா திரும்பி வராது.

சரி, இப்போ டிஸ்சார்ஜுக்குப் பிறகு.

1978-ல பாலெஞ்சர், போஸ்ட்னு ரெண்டு பேர் ஒரு கருத்தை முன்வெச்சாங்க. ஒவ்வொரு வித்ட்ராயலும் மூளையில ஒரு தழும்பு விடுது, அடுத்த தடவை அதே அளவு குடிக்கு இன்னும் மோசமான வித்ட்ராயல் வரும். ஈர விறகு முதல் தடவை பத்தாது, நாலு தடவை காட்டினா அஞ்சாவது தடவை சட்டுனு பிடிக்கும், அந்த மாதிரி. வலிப்போட வர்றவங்க, வலிப்பில்லாதவங்களை விட அதிக தடவை டீடாக்ஸ் ஆனவங்களா இருக்காங்கன்னு பிறகு வந்த ஆய்வு காட்டுச்சு. "போன தடவையும் இப்படித்தான் சார் வந்துச்சு, ரெண்டு நாள்ல சரியாச்சு"ன்னு நீங்க சொல்லும்போது நாங்க ஏன் முகம் மாறுறோம்னு இப்போ தெரியுதா?

டீடாக்ஸ் ஆனவங்களை வருஷக்கணக்குல பின்தொடர்ந்தா என்ன ஆகும்? ஜார்ஜ் வேலன்ட்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர், தன் மருத்துவமனையில டீடாக்ஸுக்கு அட்மிட் ஆன 100 பேரை எட்டு வருஷம் விடாம தேடிப்பிடிச்சார். 100-ல 95 பேர் எப்போவாவது ஒரு கட்டத்துல மறுபடி குடிச்சிருந்தாங்க. எட்டு வருஷ முடிவுல சுமார் மூணுல ஒரு பங்கு நிலையா குடியை விட்டிருந்தாங்க. அதுக்குக் கொஞ்சம் குறைவான இன்னொரு பங்கு இறந்திருந்தாங்க. எங்க வைத்தியம், நோய் தானா போற போக்கை விடப் பெருசா எதையும் சாதிக்கலைன்னு அவரே 1983-ல எழுதினார். சொந்த வைத்தியத்தைப் பத்தி இப்படி எழுதுற டாக்டர்கள் கம்மி.

அந்த 95-ஐ மட்டும் படிச்சுட்டு "பார்த்தியா, திருந்தவே மாட்டாங்க"ன்னு போயிடாதீங்க. மறுபடி குடிச்ச அதே ஆட்கள்ல இருந்துதான் அந்த மூணுல ஒரு பங்குல பெரும்பாலானவங்களும் வந்தாங்க. ஒரு தடவை சறுக்கினதை வெச்சு ஆளையே கழிச்சுட்டா கணக்கு தப்பாயிடும்.

பெரிய கணக்கு நார்டிக் நாடுகள்ல இருந்து வந்துச்சு. அங்க ஒவ்வொரு குடிமகனோட மருத்துவமனைப் பதிவும் இறப்புப் பதிவும் இணைஞ்சிருக்கும். டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன் மூணு நாட்டுலயும் 1987-ல இருந்து 2006 வரைக்கும், குடிநோயால மருத்துவமனையில அட்மிட் ஆனவங்களைப் பார்த்தாங்க. ஆண்களோட சராசரி ஆயுள் 47-ல இருந்து 53 வயசு. பெண்களுக்கு 50-ல இருந்து 58. மத்தவங்களை விட 24-ல இருந்து 28 வருஷம் முன்னாடியே போயிடுறாங்க. இலவச வைத்தியம், நல்ல வருமானம் இருக்கிற நாடுகள் இதெல்லாம். எங்க வார்டுல நடுக்கத்தோட படுத்திருக்கிறவருக்கு ஒரு ஸ்கூல் போற பொண்ணு இருந்தா, 25 வருஷம்ங்கிறது என்னன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

எதனால இறக்குறாங்க? கல்லீரல்னுதான் எல்லாரும் சொல்வீங்க. கல்லீரல் இருக்கு, விபத்து இருக்கு, தற்கொலை இருக்கு, இதயம், நுரையீரல் தொற்று இருக்கு. யாரும் எதிர்பார்க்காத ஒண்ணை 1996-ல மேயோ கிளினிக் ஆய்வு காட்டுச்சு. போதை சிகிச்சைக்கு உள்நோயாளியா வந்த 845 பேரைப் பின்தொடர்ந்தாங்க. இறந்த 222 பேர்ல பாதிக்கும் மேல புகையிலை சார்ந்த நோய்கள்ல போயிருந்தாங்க. சாராயம் சார்ந்த காரணம் மூணுல ஒரு பங்குதான். "குடியை விடட்டும், பீடியாவது இருந்துட்டுப் போகட்டும்"னு நாமளே சொல்லுவோம். அந்தப் பீடிதான் பாதிப் பேரைக் கொண்டுபோயிருக்கு.

நல்ல செய்தியும் வரலாற்றுல உண்டு. 1968-ல யேல் பல்கலைக்கழகத்துல பவல், கிளாட்ஸ்கின் ரெண்டு பேரும் கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளைப் பார்த்தாங்க. குடியை விட்டவங்கள்ல அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது 63 சதவீதம். தொடர்ந்தவங்கள்ல 40 சதவீதம். சிரோசிஸ் வந்த பிறகு விட்டாலே இந்த வித்தியாசம். 1978-ல டொரான்டோவுல சி.டி. ஸ்கேன் எடுத்தப்போ, குடியை விட்ட சிலரோட சுருங்கின மூளை மறுபடி விரிஞ்சிருந்துச்சு. "எல்லாம் போச்சு, இனிமே விட்டு என்ன"ன்னு சொல்றவர்கிட்ட இந்த ரெண்டு வருஷத்தையும் சொல்லுங்க.

அப்போ விடவைக்கிறது எப்படி? என்னைப் பொறுத்தவரை இந்த 200 வருஷக் கதையில முக்கியமான பக்கம் 1962-ல இருக்கு. யாரும் பெருசா பேசுறதில்ல.

மாரிஸ் சாஃபெட்ஸ்னு ஒரு மனநல மருத்துவர், பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. எமர்ஜென்சிக்கு வர்ற குடிநோயாளிகளை, "இந்தக் கிளினிக்குக்குப் போங்க"ன்னு சீட்டு எழுதி அனுப்புவாங்க. யாரும் போக மாட்டாங்க. குடிகாரங்களுக்குத் திருந்தணும்ங்கிற எண்ணமே இல்லைன்னு டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தாங்க. எண்ணம் இல்லாதது யாருக்குன்னு சாஃபெட்ஸுக்குச் சந்தேகம். 200 நோயாளிகளை ரெண்டாப் பிரிச்சார். 100 பேருக்கு வழக்கமான சீட்டு. மீதி 100 பேரை எமர்ஜென்சியிலேயே ஒரு மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் உடனே போய்ப் பார்த்தாங்க. எந்த நேரமா இருந்தாலும் சரி. அறிவுரை இல்ல. தங்க இடம் இருக்கா, சாப்பிட்டாரா, வீட்ல யாருக்குச் சொல்லணும், இதான் பேச்சு. அதே முகத்தைத்தான் பிறகு கிளினிக்லயும் பார்ப்பார்.

சீட்டு வாங்கினவங்கள்ல கிளினிக்குக்கு வந்தது நூத்துக்கு 5 பேர். ஆள் போய்ப் பார்த்தவங்கள்ல 65 பேர். அஞ்சு தடவையோ அதுக்கு மேலயோ வந்தவங்க முதல் குழுவுல 1, ரெண்டாவதுல 42.

புது மருந்து ஒண்ணும் கிடையாது. எண்ணம் இல்லாதவங்கன்னு ஒதுக்கின அதே ஆட்கள். சாஃபெட்ஸ் பின்னாடி அமெரிக்காவோட தேசிய ஆல்கஹால் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் ஆனார்.

அதோட விடலை அந்தக் குழு. 1967-ல ஒரு விசித்திரமான ஆய்வு. எமர்ஜென்சி டாக்டர்கள் 9 பேரை, குடிநோயாளிகளோட உங்க அனுபவம் என்னன்னு பேச வெச்சுப் பதிவு பண்ணாங்க. வார்த்தை புரியாம, ஏத்த இறக்கம் மட்டும் கேக்குற மாதிரி அந்தப் பதிவை வடிகட்டினாங்க. எந்தக் குரல்ல கோபம் தெரியுதுன்னு வேற ஆட்களை மதிப்பெண் போட வெச்சாங்க. கோபம் அதிகமா தெரிஞ்ச டாக்டர்கள் அனுப்பின நோயாளிகள்தான் சிகிச்சைக்குக் குறைவா போயிருந்தாங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு, வாந்தியோட, சட்டையைப் பிடிக்க வர்ற ஒரு ஆளைப் பார்க்கும்போது குரலை அடக்குறது எவ்வளவு கஷ்டம்னு டியூட்டி பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆனாலும் 9 பேரோட குரல்ல தெரிஞ்சது எங்க எல்லாருக்குமான பாடம்தான். வீட்டுக்கும் அது பொருந்தும்னு நினைக்கிறேன். அவரைக் கூட்டிட்டு வர்றப்போ ஆட்டோவுல என்ன குரல்ல பேசிட்டு வந்தீங்கங்கிறதும் வைத்தியத்துல ஒரு பகுதி.

நம்ம பக்கத்துலயும் இந்தத் திசையில யோசிச்சவங்க இருக்காங்க. 1980-ல சென்னையில சாந்தி ரங்கநாதன், குடிநோயால தன் கணவரை இழந்த பிறகு, அவர் பேர்லயே டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடங்கினாங்க. டீடாக்ஸோட நிறுத்தாம ஆலோசனை, குடும்பத்துக்குத் தனி வகுப்பு, பிறகும் தொடர்பு. 1992-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. பேர்ல இருக்குற டி.டி. இனிஷியல்தான், நோய் இல்ல. எங்க காலேஜ்ல ஒவ்வொரு பேட்சும் இதை வெச்சு ஒரு ஜோக் அடிக்கும், அதனால முன்னாடியே சொல்லிடுறேன்.

மருந்துகளும் உண்டு. குடி ஆசையைக் குறைக்குற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட். பழைய டைசல்ஃபிராம். கோபன்ஹேகன்ல ஹால்டும் ஜேக்கப்சனும் பூச்சி மருந்தா ஆராய்ச்சி பண்ணி, தாங்களே சாப்பிட்டுப் பார்த்துட்டு, பிறகு கொஞ்சம் மது குடிச்சு முகம் சிவந்து படபடத்தப்போ தற்செயலா தெரிஞ்சது அது. 1948-ல வெளியிட்டாங்க. ஒரு எச்சரிக்கை: "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்"னு விளம்பரம் வருதே, அந்த வேலையைச் செய்யாதீங்க. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் இருந்து, அவர் வெளியில குடிச்சா ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிரே போகலாம். தெரிஞ்சு, சம்மதிச்சு எடுக்க வேண்டிய மருந்து அது.

இனி நேரடியா உங்ககிட்ட. உங்க வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறவர், காலையில கை நடுங்கினா ஒரு மடக்கு தேவைப்படுறவர், முன்னாடி எப்போவாவது நிறுத்தினப்போ வலிப்பு வந்தவர்னா, "நாளையில இருந்து தொடவே மாட்டேன்"னு சாமி முன்னாடி சத்தியம் வாங்கி வீட்லயே பூட்டி வெச்சு நிறுத்தாதீங்க. சத்தியம் பண்ணட்டும், நல்லது. அதைப் பண்ணிட்டு நேரா மருத்துவமனைக்கு வரட்டும். மாலை போட்டு விரதம் தொடங்குறவங்களுக்கும் இதே.

அட்மிட் ஆன முதல் நாளே தயமின் ஊசி போட்டாச்சான்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்க மாட்டோம். டிஸ்சார்ஜ் அன்னைக்கு "குணமாயிடுச்சு"ன்னு கேட்டதும் பையைக் கட்டிடாதீங்க. அடுத்து யாரைப் பார்க்கணும், எந்தக் கிழமை, எந்த ரூம், அந்த ஆள் பேரு என்னன்னு கேளுங்க. முடிஞ்சா அன்னைக்கே அவரை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுப் போங்க. மாவட்ட மனநலத் திட்டத்துல மனநல மருத்துவர் இருப்பார், ஆலோசகர் இருப்பார். குடியை விட்டவங்களே சேர்ந்து நடத்துற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பல ஊர்ல நடக்குது, காசு கிடையாது. வேலன்ட் ஆய்வுல நிலையா விட்டவங்கள்ல பலர் அந்தக் கூட்டத்துக்கு விடாம போனவங்க. வீட்ல இருக்கிறவங்களுக்கு அல்-அனான்னு தனிக் கூட்டம் உண்டு.

மறுபடி குடிச்சுட்டார்னா மறுபடி கூட்டிட்டு வாங்க. "போன தடவையே சொன்னேனே"ன்னு எங்க வார்டுல யாராவது குரலை உயர்த்தினா இந்த த்ரெட்டைக் காட்டுங்க.

யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலைன்னா 14416-க்கு அடிங்க. டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண், இலவசம். போதைக்குன்னு தனியா 14446 இருக்கு. அவர் ஃபோனை எடுக்க மறுத்தாலும் நீங்க பேசலாம், தமிழ்லயே பேசலாம்.